கை ஆட வேண்டும், கம்பமும் ஆட வேண்டும்: வீட்டிலேயே ஒரு விங் சுன் பொம்மை

வணக்கம் நண்பர்களே! பின்னால் நிற்பவரைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? மூன்று கை, ஒரு கால், தலை கிடையாது. விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுபவர்கள் அடித்துப் பழகும் மர பொம்மை, முக் யான் ஜோங், இவர்தான். நல்ல மரத்தில் செய்து வாங்கப் போனால், அந்தக் காசுக்கு ஒரு பைக்குக்கு முன்பணமே கட்டிவிடலாம். அதனால் உடம்புக்கு 200 எம்.எம். பி.வி.சி. குழாய், ஐந்தடி நீளம். கைகளும் காலும் மட்டும் மரம்.

நிறைய வீடியோக்களில் கையை நட்டு போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதோ, இந்தக் கையைத் தட்டுகிறேன், கேளுங்கள். லொட லொட என்கிறது, இல்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும். கையின் வால், அதாவது உடம்புக்குள் நுழையும் பின்பகுதி, ஒன்றரை அங்குலச் சதுரம். துளையை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, பின்பக்கம் ஒரு முளை மட்டும் செருகியிருக்கிறேன். இந்த ஆட்டம் இல்லையென்றால் அடி முழுக்க உங்கள் முன்கை எலும்பில்தான் இறங்கும்.

அப்புறம், மேல் கைகள் இரண்டும் வெளியே ஒரே உயரத்தில் தெரிகின்றன. ஆனால் உள்ளே வால்கள் குறுக்கே போகின்றன, மோத வேண்டுமே! மோதாது. கிட்டத்தில் காட்டுகிறேன். கையின் அடிப்பகுதி மூன்று அங்குலத் தடிமன். ஒரு கையில் வாலை மேல் பாதியிலும், இன்னொன்றில் கீழ்ப் பாதியிலும் வெட்டியிருக்கிறேன். துளைகளும் அதற்கேற்ப ஒன்றரை அங்குலம் ஏற்ற இறக்கம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! கடைசல் பட்டறையில் கட்டில் கால் கடைபவரிடம் படம் வரைந்து கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார். வாலை மட்டும் நீங்களே உளி பிடித்துச் செதுக்குங்கள்.

குழாயின் சுவர் மெல்லியது. துளை ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். உள்பக்கம் வளைவுக்கு ஏற்றபடி சீவிய பலகைத் துண்டு வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுங்கள். சிலர் குழாய்க்குள் மணல் நிரப்புகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை, உடம்பும் ஆட வேண்டும்.

சீனாவின் ஃபோஷான் நகரில் அந்தக் காலத்தில் கம்பத்தை, அதாவது பொம்மையின் உடம்பை, மண்ணில் நட்டுத்தான் பழகினார்கள். விங் சுன் ஆசான் இப் மான் அங்கிருந்து ஹாங்காங்குக்கு வந்து, 1950 முதல் ஹாங்காங்கில் சொல்லிக்கொடுத்தார். மாடி வீட்டில் எங்கே குழி தோண்டுவது? அதனால் இரண்டு குறுக்குச் சட்டங்களில் கம்பத்தைத் தொங்கவிடும் முறை வந்தது. சட்டம் வளைந்து கொடுக்கும், அடித்தால் உடம்பு பின்வாங்கித் திரும்பி வரும். இடநெருக்கடியில் வந்த இந்த ஏற்பாடு எனக்கு மண்ணில் நட்டதைவிடப் பிடித்திருக்கிறது. அவர் வழியில் வந்த 116 அசைவுகளைத்தான் நானும் இதில் பழகப் போகிறேன். சட்டத்துக்கு முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் மரமாகப் பாருங்கள்.

கைகளுக்கு உப்புத்தாள் போட்டு லின்சீட் ஆயில் தடவினால் போதும். வார்னிஷ் வேண்டாம், வியர்வை பட்டால் ஒட்டும்.

கால் மட்டும் இன்னும் தற்காலிகம்தான், இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறேன். முழங்கால் மாதிரி இயற்கையாகவே வளைந்த கிளை தேடிக்கொண்டிருக்கிறேன். என்ன மரம் தாங்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.