கடனா, பங்கா?

நேயர்களுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையோ, பாலக்கோட்டில் தக்காளி பதப்படுத்தும் தொழிலோ, புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் போய் நிற்பது சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான். அதில் தப்பில்லை. ஆனால் வாங்கும் பணம் கடனா, பங்கா? ஆடிட்டரான நான் முதலில் கேட்பது இதைத்தான். பலருக்குப் பதில் தெரிவதில்லை.

மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்கு என் மேஜைக்கு வந்தது. இருவர் கூட்டாக நடத்திய ஆலை. அவர்களில் ஒரு தம்பி தன் மாமாவிடம் ஐந்து லட்சம் வாங்கியிருந்தார். "மாமா, நீங்களும் பங்குதாரர்தான், மாசம் ரெண்டு வட்டியும் தந்துடறேன்" என்று பேச்சு. சாட்சிக்கு ஒரு புரோநோட்டு. கூடவே, நோட்டுத்தாளில் 'கால் பங்கு' என்று ஒரு வரி. அந்த சீசனில் கூழ் விற்கவில்லை. மாமா வட்டி கேட்டார். "பங்குதாரர்னா நட்டத்துலயும் பங்கு உண்டே" என்றார் தம்பி. இருவர் கையிலும் அவரவருக்குச் சாதகமான காகிதம்!

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பங்குதாரர் என்று ஆகிவிட்டால், தொழிலின் கடனுக்கு அவருடைய சொந்த வீடும் நிலமும்கூடப் பொறுப்பு. ஐந்து லட்சம் கொடுத்தவர், போனால் ஐந்து லட்சம்தான் போகும் என்று நினைத்திருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பணம் கேட்கிறவர்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆறாதது அதுதான்.

சரி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால்? போட்ட பணத்தோடு நட்டம் நின்றுவிடும். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்கு தருகிறோம் என்று ஊரறிய விளம்பரம் செய்யவிடாது. ஃபேஸ்புக்கில் போடுவதும், பேருந்து நிலையத்தில் தட்டி வைப்பதும் கூடாது. தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பெயர் எழுதிய கடிதம் கொடுத்துத்தான் கேட்கலாம். பொதுவாக ஒரு நிதியாண்டில் 200 பேர் வரைதான். ரொக்கம் கூடவே கூடாது. வங்கி வழியாகத்தான்.

"மாசம் இவ்வளவு தர்றேன்" என்று ஊராரிடம் டெபாசிட் வசூலிப்பது வேறு கதை. அனுமதியில்லாத அந்த வசூலுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை. உறவினர் தரும் கடனுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால்தான் கடனா, பங்கா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அதனால் சுருக்கமாக: கம்பெனிப் பங்குக்கு வந்த பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பிக் கொடுங்கள்; தவறினால் 12 சதவீத வட்டி சேரும். வணக்கம்.