பெர்குசன் கிளம்பியபோது எத்தனை நாற்காலிகள் காலியாயின?

(திரையில்: புக்கிட் ஜாலில் அரங்கம், இரவு. மெல்ல 2013-ஆம் ஆண்டு நாட்காட்டிக்கு மாறுகிறது.)

2013, மே 8, புதன்கிழமை. மலேசியாவின் 13-ஆவது பொதுத் தேர்தல் முடிந்து மூன்றே நாள். விரலில் பூசிய மை அழிகிறதா இல்லையா என்ற சர்ச்சை கோலாலம்பூரில் இன்னும் அடங்கவில்லை. மாலை நான்கு மணி தாண்டியதும், அதாவது இங்கிலாந்தில் காலை ஒன்பது மணிக்கு மேல், ஒரு செய்தி வந்தது. அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெறுகிறார்.

வயது 71. மென்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் கிளப்பின் மேனேஜராக 1986 நவம்பர் தொடங்கி இருபத்தாறரை ஆண்டு. 38 கிண்ணங்கள், அவற்றில் 13 பிரீமியர் லீக், இரண்டு சாம்பியன்ஸ் லீக். பட்டியல் போதும், உங்களுக்கே மனப்பாடம்.

இந்தக் காணொளி அந்தக் கிண்ணங்களைப் பற்றியதல்ல. அவர் எழுந்து போன பிறகு அந்தக் கிளப் ஏன் இப்படிச் சரிந்தது என்பதைப் பற்றியது. 2012-13-இல் 89 புள்ளிகள், இரண்டாம் இடத்தைவிட 11 புள்ளி கூடுதல், வெற்றியாளர். அடுத்த பருவம் 64 புள்ளிகள், ஏழாம் இடம். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்.

பெர்குசனுக்குப் பின் வந்த மேனேஜர் டேவிட் மோயஸ். "மோயஸ் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பதில் போதாது. அந்தக் கோடையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாகவில்லை. அதை எண்ணிப் பார்ப்போம்.

(திரையில்: நான்கு காலி நாற்காலிகள்.)

முதல் நாற்காலி, மேனேஜர். எல்லாரும் பார்த்தது இது.

இரண்டாவது, டேவிட் கில். கிளப்பின் தலைமை நிர்வாகி. ஆட்டக்காரரை வாங்குவது விற்பது, மற்ற கிளப்புகளோடு பேரம் பேசுவது, ஏஜெண்டுகளைச் சமாளிப்பது எல்லாம் அவர் கையில். கில் போகப்போவது 2013 பிப்ரவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அவர் இடத்துக்கு வந்த எட் வுட்வர்ட், விளம்பர ஒப்பந்தங்களிலும் கணக்கிலும் கெட்டிக்காரர். ஆனால் ஆட்டக்காரர் சந்தையில் அவருக்கு அது முதல் கோடை. புது மேனேஜருக்கும் அந்தக் கிளப்பில் அதுவே முதல் கோடை. இருவரும் ஒரே நேரத்தில் புதியவர்கள் என்றால், யாரிடம் யார் கேட்பது?

விளைவை ஒரே ஒரு ஒப்பந்தத்தில் பார்த்துவிடலாம். மருவான் ஃபெலாயினி. எவர்டன் கிளப்போடு அவருக்கு இருந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு: சுமார் 2 கோடியே 35 லட்சம் பவுண்ட் கொடுத்தால் எவர்டன் அவரை விட்டே ஆகவேண்டும். அந்த ஷரத்து ஜூலை முடிவோடு காலாவதி. எவர்டனிலிருந்து வந்த மோயஸுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் ஜூலை போனது, ஆகஸ்டும் போனது. யுனைடெட் வாங்க விரும்பிய இருவரில் தியாகோ பாயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். பாப்ரிகாஸ் பார்சிலோனாவை விட்டு நகரவில்லை. கடைசியில் செப்டம்பர் 2, சந்தை மூடும் இரவு, அதே ஃபெலாயினியை 2 கோடியே 75 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். 40 லட்சம் பவுண்ட் கூடுதல். ஆட்டக்காரரின் தரத்துக்காகக் கொடுத்த பணமல்ல இது, தாமதத்துக்குக் கட்டிய அபராதம்.

மூன்றாவது நாற்காலி உண்மையில் மூன்று நாற்காலிகள். உதவி மேனேஜர் மைக் ஃபீலன், முதல் அணிப் பயிற்றுநர் ரெனே மெலன்ஸ்டீன், கோல்காவலர் பயிற்றுநர் எரிக் ஸ்டீல். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெர்குசனைப் பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

பெர்குசன் தினமும் திடலில் இறங்கி விசில் ஊதி, கூம்பு வைத்துப் பயிற்சி கொடுத்தவர் அல்லர். யுனைடெட்டுக்கு முன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் இருந்த காலத்திலேயே அவருடைய உதவியாளர் ஆர்ச்சி நாக்ஸ், பயிற்சியைத் தம்மிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள் என்று வற்புறுத்தி மாற்றிவிட்டார். அதன்பிறகு அவர் வேலை கவனிப்பது. யார் சோர்ந்திருக்கிறான், யார் நடையில் ஒரு சின்ன நொண்டல், யார் பேச்சு குறைந்திருக்கிறது. பயிற்சியை நடத்தியவர்கள் நாக்ஸ், பிரையன் கிட், ஸ்டீவ் மெக்லாரன், கார்லோஸ் கெய்ரோஸ், பிறகு ஃபீலனும் மெலன்ஸ்டீனும்.

அப்படியென்றால் 2013-இல் யுனைடெட்டின் தினசரிப் பயிற்சி எங்கே இருந்தது? பெர்குசன் தலைக்குள் மட்டுமா? பாதிக்கு மேல் அந்த உதவியாளர்களிடம் இருந்தது. அவர்களை வைத்துக்கொள்ளும்படி பெர்குசனும் மோயஸிடம் சொல்லிப் பார்த்தார். மோயஸ் எவர்டனில் தம்மோடு இருந்தவர்களையே அழைத்து வந்தார். புது மேனேஜர் தமக்குப் பழகிய ஆட்களை விரும்புவது இயல்புதான், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தவர்கள். ஆனால் இந்த ஒரு முடிவுக்கு மோயஸே பொறுப்பு என்பதுதான் நமது கணிப்பு. கிளப்பின் பழக்கத்தை அறிந்த ஒருவரையாவது ஒரு பருவம் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

(திரையில்: திடலின் வரைபடம். வலது ஓரத்திலிருந்தும் இடது ஓரத்திலிருந்தும் கோல் பகுதிக்கு அம்புக்குறிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.)

2014, பிப்ரவரி 9. ஓல்ட் டிராஃபோர்ட். எதிரணி, பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாம். அன்று யுனைடெட் ஓரங்களிலிருந்து கோல் பகுதிக்குத் தூக்கிப்போட்ட பந்துகள் எண்பதுக்கும் மேல். ஒரே ஆட்டத்தில்! ஏன் எடுபடவில்லை? ஃபுல்ஹாம் தன் பெட்டிக்குள் ஆட்களை நெருக்கி நிறுத்திவிட்டது. உயரமான தற்காப்பு ஆட்டக்காரர்கள், பந்து வரும் திசையைப் பார்த்தபடி, நின்ற இடத்திலிருந்தே தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். ஓரத்திலிருந்து மெதுவாக, உயரமாக வரும் பந்து தற்காப்பவருக்கு மிகச் சுலபம். அவர் திரும்பவே வேண்டியதில்லை. அவரைத் திரும்ப வைக்க வேண்டுமானால், ஓரத்தில் வேகமாக எல்லைக்கோடுவரை போய், தரையோடு பின்னுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். அல்லது நடுவில் ஒருவர் பந்தை வாங்கி, இரண்டு பேருக்கு இடையில் ஊடுருவ விட வேண்டும். 78-ஆம், 80-ஆம் நிமிடங்களில் வான் பெர்சியும் கேரிக்கும் கோல் போட்டு 2-1 ஆக்கினார்கள். காயத்துக்காகக் கூட்டிய நேரத்தில் டேரன் பெண்ட் சமன் செய்தார். 2-2.

அன்று ஃபுல்ஹாம் பக்கம் மேனேஜராக நின்றவர் யார் தெரியுமா? மெலன்ஸ்டீன். முந்தைய பருவம்வரை யுனைடெட்டின் பயிற்சியை நடத்தியவர். இந்த அணி எதைக் கண்டால் திணறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. (பாவம், அடுத்த ஐந்து நாளில் ஃபுல்ஹாம் அவரையும் மாற்றிவிட்டது.)

நான்காவது நாற்காலி, உடைமாற்றும் அறை. பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். புதுப் பருவம் தொடங்கியபோது கிக்ஸுக்கு 39, ஃபெர்டினாண்டுக்கு 34, எவ்ராவுக்கும் கேரிக்குக்கும் 32, விடிச்சுக்கு 31, முந்தைய பருவத்தில் லீக்கில் 26 கோல் அடித்த வான் பெர்சிக்கு 30. தெ கெயா, ஜோன்ஸ் போன்ற இளையவர்களும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் முதுகெலும்பு முழுக்க ஒரே சமயத்தில் முதிர்ந்திருந்தது. இந்தப் பங்கு பெர்குசனுடையது. கடைசிப் பட்டத்துக்காகக் கட்டிய அணி அது, அடுத்த ஐந்து ஆண்டுக்கு அல்ல.

அவருடைய கடைசி ஆட்டத்தையே பாருங்கள். 2013 மே 19, நம் நேரப்படி இரவு 11 மணி. அவருக்கு அது யுனைடெட்டோடு 1,500-ஆவது ஆட்டம். வெஸ்ட் பிரோம்விச்சில் 63-ஆவது நிமிடத்தில் 5-2 முன்னிலை. 80, 81, 86. மூன்று கோல் உள்ளே. 5-5. இடைவேளைக்குப் பின் எதிரணிக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த லுகாகு மட்டும் மூன்று போட்டார். பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால் அந்த இரவு யாரும் வருத்தப்படவில்லை.

(திரையில்: இரண்டு தேதிகள். 22 ஏப்ரல் 2013. 22 ஏப்ரல் 2014.)

முதல் தேதியில் ஆஸ்டன் வில்லாவை 3-0 என வென்று பட்டம் உறுதியானது. இரண்டாவது தேதியில், ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் நீக்கப்பட்டார். சரியாக ஓராண்டு.

அடுத்த கேள்வி: பெர்குசன் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் தேட நேரம் கிடைத்திருக்குமே?

அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர். 2001-இல், வரும் பருவத்தோடு போய்விடுவேன் என்று அறிவித்தார். பருவம் கெட்டுப்போனது. போகப்போகிறவர் பேச்சுக்கு ஆட்டக்காரர்களிடம் பழைய எடை இல்லை. உதவியாளர் மெக்லாரனும் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். 2002 பிப்ரவரியில் முடிவை மாற்றிக்கொண்டார், ஆனாலும் அந்தப் பருவம் மூன்றாம் இடம், கிண்ணமே இல்லை. சூடு கண்டதால் இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் முடிவெடுத்து, மே வரை மூடி வைத்தார். மனைவி கேத்தியின் சகோதரி இறந்துவிட்டார். மனைவி தனித்திருக்கக்கூடாது என்பது காரணம்.

ஆக, ரகசியம் பருவத்தைக் காப்பாற்றியது, கோடையைத் தின்றது. மோயஸ் ஜூலை 1-இல்தான் வேலையில் சேர்ந்தார். சந்தை மூட இரண்டு மாதம்.

லிவர்பூல் 2024-இல் தலைகீழாகச் செய்தது. மேனேஜர் யூர்கன் க்ளோப் தாம் விலகப்போவதை ஜனவரி 26-இலேயே அறிவித்துவிட்டார். விலையையும் கட்டினார்கள்: பிப்ரவரியில் லீக் கிண்ணம் கிடைத்தது, அதன்பின் எஃப்.ஏ. கிண்ணமும் யூரோப்பா லீக்கும் கைநழுவின, லீக்கில் மூன்றாம் இடம். ஆனால் அந்த மாதங்களில் கிளப்பின் பழைய விளையாட்டு இயக்குநர் மைக்கல் எட்வர்ட்ஸ் திரும்ப வந்தார், ரிச்சர்ட் ஹியூஸ் விளையாட்டு இயக்குநர் ஆனார், அவர்கள்தான் புது மேனேஜராக ஆர்னே ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மேனேஜருக்கு முன்னால் மேனேஜரைத் தேடுபவர்களை நிரப்பினார்கள், வரிசை அதுதான். கோடையில் உடனே அணியில் சேர்த்த முக்கிய ஆட்டக்காரர் கியேசா ஒருவர் மட்டுமே. 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 வென்று லீக் பட்டம்.

அதே கிளப்பில் இதைவிடப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1974 ஜூலையில் மேனேஜர் பில் ஷாங்க்லி திடீரென்று விலகினார். தயாராக யாருமில்லை, ரசிகர்கள் நம்பவே இல்லை. உதவியாளர் பாப் பேஸ்லி தயக்கத்தோடு பொறுப்பேற்றார். ஒன்பது ஆண்டில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கிண்ணம்.

இது எப்படிச் சாத்தியமானது? ஆன்ஃபீல்டில் காலணிகள் வைக்கும் ஒரு சின்ன அறை. பேஸ்லி, ஜோ ஃபேகன், ரோனி மோரன் போன்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் அங்கேதான் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அன்றைய பயிற்சி என்ன, யாருக்கு எங்கே வலி, எப்படிச் சரியானது என்று நாள்தோறும் எழுதி வைத்தார்கள். ஏதாவது சிக்கல் வந்தால் பழைய பக்கத்தைப் புரட்டுவார்கள். ஷாங்க்லி போனபோது அந்த அறையும் புத்தகமும் ஆட்களும் அப்படியே இருந்தார்கள். காலியானது ஒரு நாற்காலிதான்.

யுனைடெட்டுக்கும் இது புதிதல்ல. அப்போதைய மேனேஜர் மேட் பஸ்பி 1969-இல் விலகியபோது, பயிற்றுநர் குழுவில் இருந்த வில்ஃப் மெக்கின்னஸ் என்ற 31 வயதுக்காரரை உட்கார வைத்துவிட்டு, பஸ்பி பொது மேலாளராக அதே கட்டடத்தில் இருந்தார். ஆட்டக்காரர்கள் யார் கதவைத் தட்டுவார்கள்? 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டார். 1974-இல் கிளப் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது.

நம் நாட்டில் பேஸ்லி வழியை ஒத்தது ஒருமுறை நடந்தது. கே. ராஜகோபால். 23 வயதுக்குட்பட்டோரை 2009 டிசம்பரில் சீ விளையாட்டுத் தங்கத்துக்குக் கொண்டு சென்றவர், அதே இளைஞர்களில் பலரைத் தேசிய அணிக்கு ஏற்றி, 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய அணிகளின் சுசுகி கிண்ணத்தை வென்றார். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0, ஜகார்த்தாவில் 1-2. ஆட்டக்காரரை அறிந்தவரே தேசிய அணியையும் நடத்தினார், அதனால் அறிமுகத்துக்கென்று ஒரு பருவம் வீணாகவில்லை.

இனி உங்கள் பக்கம். செந்தூலிலோ பிறையிலோ ஒரு சின்னக் கிளப் நடத்துகிறீர்கள், இருபது ஆண்டு பயிற்சி கொடுத்தவர் "போதும்பா" என்கிறார். மாலையும் பொன்னாடையும் பிறகு. முதலில், போகும் பயிற்றுநரும் பொருளாளரும் அணித் தலைவரும் ஒரே ஆண்டில் மாறாதபடி பாருங்கள். ஒருவரையாவது ஒரு பருவம் இருக்கச் சொல்லுங்கள். அடுத்து, பழையவரும் புதியவரும் ஒரு மாதம் சேர்ந்து திடலுக்கு வரட்டும்; அதன்பிறகு பழையவர் பயிற்சி நாளில் வரவேண்டாம், ஆட்ட நாளில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். மரியாதைக் குறைவு அல்ல இது. ஷாங்க்லி விலகிய பிறகும் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார், ஆட்டக்காரர்கள் அவரையே "பாஸ்" என்றார்கள், பேஸ்லி பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பையனுக்கு எந்த முழங்கால், எப்போது அடிபட்டது, எத்தனை வாரத்தில் திரும்பினான். யாரை இரவு வேலையிலிருந்து யார் ஏற்றி வருகிறார். மழைக்குப் பிறகு எந்தத் திடலில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும். ஊராட்சி மன்றத் திடலுக்கு எப்போது மனு போட வேண்டும், யாரிடம் போக வேண்டும். பேனாவால் எழுதுங்கள். அலமாரியில் பூட்டாமல், முதலுதவிப் பெட்டியில், ஐஸ் ஸ்ப்ரேக்கும் பேண்டேஜுக்கும் பக்கத்தில் வையுங்கள்.