பனிக்கு அடியில் உறங்கும் பயிர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மகள் ஃபின்லாந்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளைப் பார்க்க இரண்டு முறை போனேன், முதலில் குளிர்காலத்தில், அப்புறம் ஒரு கோடையில். வழியில் வயல் தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வது என் பழக்கம். மருமகன் பாவம், முகம் சுளிக்காமல் நிறுத்துவார். அப்படி இறங்கிப் பார்த்ததையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இன்று சொல்கிறேன்.

முதல் பயணத்தில் சாவோ என்கிற கிழக்குப் பகுதிக்குப் போனோம். ஏரிகளும் காடுமான ஊர். ஒரு பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி மூடிய நிலம் கிடந்தது. "இதில் என்ன விதைப்பீர்கள்?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். அந்த விவசாயி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "விதைத்தாகிவிட்டதே, நீங்கள் பயிரின் மேல்தான் நிற்கிறீர்கள்" என்றார். நான் சட்டென்று காலைத் தூக்கினேன். அவர் சிரித்தார்.

பனிக்குக் கீழே இருந்தது ரை. கோதுமைக்கு உறவான தானியம், மாவு கொஞ்சம் கறுத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ விதைக்கிறார்கள். குளிர் இறுகுவதற்குள் அது முளைத்து, தூர் கட்டி, நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட வேண்டும். பிறகு பனி மூடும், பயிர் தூங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகியதும் எழுந்து வளரும், ஜூனில் பூக்கும், ஆகஸ்டில் அறுவடை. விதைத்ததிலிருந்து அறுக்கும் வரை கிட்டத்தட்ட ஒரு வருடம். இந்தக் குளிர்காலத் தூக்கம் இல்லாவிட்டால் அது கதிரே விடாது. குளிரை உணர்ந்த பிறகுதான் பூக்க வேண்டும் என்பது அதன் சுபாவம்.

பனி பயிரைக் கொல்லும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே பனிதான் கம்பளி. வெளியே மைனஸ் 25 டிகிரி இருந்தாலும், கனமான பனிக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மண் உறையும் முன்பே பனி கொட்டிவிட்டால்தான் வம்பு. வெதுவெதுப்பான ஈரத்தில் பூஞ்சணம் பரவி, வசந்தத்தில் பார்த்தால் பயிர் அழுகிக் கிடக்கும். நடுக் குளிர்காலத்தில் பனி உருகித் திரும்ப உறைந்தால் கண்ணாடி மாதிரி ஒரு பனிக்கட்டித் தகடு உண்டாகும். அதற்குக் கீழே பயிர் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே அந்த ஊர் விவசாயி பயப்படுவது கடுங்குளிருக்கு இல்லை, நிலையில்லாத குளிருக்கு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஃபின்லாந்து வட அட்சரேகை 60 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் கிடக்கிறது. நாட்டில் முக்கால் பங்கு காடு, விளைநிலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பயிர் வளரும் பருவம் தெற்குக் கரையில் ஏறக்குறைய ஆறு மாதம், வடக்கே லாப்லாந்தில் மூன்று நான்கு மாதம்தான். அங்கே பட்டினியையும் பசியாறலையும் முடிவு செய்தது இந்த நாட்கணக்குதான் என்பது என் எண்ணம். அவர்களுடைய பழைய சாப்பாடு ஒவ்வொன்றும் எங்கிருந்தாவது சில நாட்களைத் தேடிப்பிடிக்கிற உபாயம். ரை முந்தின வருடத்து இலையுதிர் காலத்தில் சில வாரங்களைக் கடன் வாங்குகிறது. பார்லி வேறு வழியில் போகிறது, ஓடுகிறது. ஜூன் மாதத்தில் ஹெல்சிங்கியில் 19 மணி நேரம் பகல். வடகோடியில் சூரியன் இரண்டு மாதம் மறைவதே இல்லை. அந்த வெளிச்சத்தைக் குடித்துச் சில பார்லி வகைகள் தொண்ணூறு நாளில் விளைந்துவிடும். அதனால்தான் வடக்கே போகப் போக ரை ரொட்டி குறைந்து, ரீஸ்கா என்கிற தட்டையான பார்லி ரொட்டி வருகிறது. புளிக்கவைக்காமல் சுட்டு, சூடாகவே தின்ன வேண்டும். ஆறினால் அவ்வளவு ருசி இல்லை.

ஓடுகிற பயிரையும் பிடித்துவிடும் ஒன்று உண்டு. அதற்கு 'ஹல்லா' என்று பெயர். கோடை இரவில், வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும்போது தாழ்வான வயலில் இறங்கும் உறைபனி. பகலில் சட்டை நனைய வேலை செய்திருப்பார்கள், விடிந்து பார்த்தால் பால் பிடித்த கதிர் வெளுத்துப் போயிருக்கும். வயல் ஓரத்தில் ஈர விறகை மூட்டி இரவெல்லாம் புகை போட்டுக் காவல் இருந்திருக்கிறார்கள். 1867-இல் வசந்தம் வரவே மறுத்தது, ஜூன் வரை ஏரிகளில் பனிக்கட்டி. செப்டம்பர் தொடக்கத்தில் இரவு உறைபனி விழுந்து, மிச்சமிருந்த விளைச்சலும் போனது. 1866 முதல் 1868 வரையிலான பஞ்சத்தில் வழக்கமான சாவுகளுக்கு மேல் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இறந்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் பன்னிரண்டில் ஒருவர். பசிக்குச் செத்ததைவிடப் பிச்சைக்கு ஊர் ஊராக நடந்து, தொற்று நோயில் செத்தவர்கள் அதிகம்.

அந்தக் காலத்து ரொட்டிக்கு 'பெத்து' என்று பெயர். கோடைத் தொடக்கத்தில் பைன் மரத்தின் வெளிப்பட்டையை நீக்கி, உள்பட்டையை உரித்து, உலர்த்தி வறுத்து, இடித்து, ரை மாவோடு கலப்பது. பஞ்சத்துக்கு என்று மட்டும் இல்லை, விளைச்சல் குறைந்த வருடங்களிலெல்லாம் இப்படித்தான் மாவை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு துண்டு தின்று பார்த்தேன். கசப்பு, கூடவே மரத்தூள் வாசனை. அதைத் தின்று பனியில் மரம் வெட்டினார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, நல்ல வருடத்துக்கு வருவோம். கதிர் விளைந்துவிட்டது. ஆனால் அங்கே இலையுதிர் காலம் ஈரமானது, களத்தில் கொட்டிக் காயவைக்க வெயில் கிடையாது. அதற்கு அவர்கள் கட்டியதுதான் 'ரீஹி'. எனக்கு அந்த நாட்டில் மிகப் பிடித்த கட்டடம் இதுதான், தேவாலயத்தைக்கூட இதற்கு அப்புறம்தான் சொல்வேன். தடித்த மரக்கட்டைகளை அடுக்கிய இருட்டறை, உள்ளே கல் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. மேலே குறுக்குக் கம்புகளில் கதிர்க்கட்டுகளை ஏற்றி வைத்து, அடுப்பை மூட்டி, நாள்கணக்கில் புகையிலும் சூட்டிலும் வாட்டுவார்கள். விடியும் முன்பே எழுந்து, அந்தப் புழுதியிலும் கரியிலும் நின்று தடியால் அடித்துத் தானியம் பிரிப்பார்கள். தீப்பிடிக்கும் பயம் உண்டு, அதனால் வீட்டிலிருந்து தள்ளியே கட்டினார்கள். இப்படி வாட்டிய ரை கல் மாதிரி இருக்கும், பூச்சி அண்டாது, வருடக்கணக்கில் கெடாது. மாவிலேயே லேசாகப் புகை மணக்கும்.

இந்த ரையை வயலில் மட்டும் இல்லை, காட்டுக்குள்ளும் விளைவித்தார்கள். சாவோவில் மரங்களை வெட்டி எரித்து, ஆறாத சாம்பலில் விதைக்கும் 'கஸ்கி' முறை. அதற்கென்றே ஒரு ரை வகை இருந்தது. ஒரு விதையிலிருந்து புதர் மாதிரி தூர் கிளம்பும், அதனால் விதை மிகக் கொஞ்சம் போதும். அந்தச் சாம்பல் நிலத்தில் டர்னிப் என்ற, முள்ளங்கி மாதிரியான கிழங்கும் போட்டார்கள். அதன் விதை பொடிப்பொடியாக இருக்கும், கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஆகவே வாயில் போட்டுக்கொண்டு, 'தூ' என்று சீராகத் துப்பிக்கொண்டே நடப்பார்கள். துப்புவதும் ஒரு தேர்ந்த தொழில்! உருளைக்கிழங்கு வந்து டர்னிப்பை ஓரம் கட்டியது பதினெட்டாம் நூற்றாண்டில். ஃபாகர்விக் என்ற இரும்பாலை ஊருக்கு 1730-களில் வேலைக்கு வந்த ஜெர்மானியர்களும், பிறகு பால்டிக் கடலோரத்தில் நடந்த போமரேனியப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள்.

ரொட்டியைச் சொல்லாமல் விட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். நாட்டின் மேற்கில் வருடத்துக்குச் சில முறைதான் ரொட்டி சுடுவார்கள். நடுவில் ஓட்டை போட்ட தட்டையான வட்டங்களைச் சுட்டு, ஒரு கழியில் கோத்து, உத்தரத்துக்குக் கீழே தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் காய்ந்து தொங்கும், வேண்டியபோது உடைத்துக்கொள்ளலாம். கிழக்கில் வாரா வாரம் அடுப்பு மூட்டி மெத்தென்ற பெரிய ரொட்டி. மாவு பிசையும் மரத்தொட்டியை மேற்கிலும் சரி, கிழக்கிலும் சரி, கழுவமாட்டார்கள். ஒட்டியிருக்கும் பழைய மாவே அடுத்த முறைக்குப் புளிப்பு. இட்லிப் பானையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் அந்தப் புளிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, மூன்றாம் வாரம் வெண்ணெய் தடவி நானே கேட்டு வாங்கினேன். நாடு விடுதலை பெற்ற நூறாவது ஆண்டான 2017-இல், மக்கள் வாக்களித்து ரை ரொட்டியைத்தான் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே அரிசிக் கஞ்சியை வைத்து, ஓரம் மடித்துச் சுடுவது கரேலியப் பிராக்கா. கரேலியா என்பது கிழக்கு எல்லைப் பகுதி. அரிசி அங்கே விளையாது. முன்பு பார்லிக் கஞ்சி வைத்தார்கள். பிறகு ரஷ்யாவழி வந்த அரிசி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஈஸ்டருக்கு 'மெம்மி' என்று ஒன்று. ரை மாவும் முளைகட்டி அரைத்த ரையும் சேர்த்துக் கிண்டி, அடுப்பில் மணிக்கணக்கில் வைத்தெடுத்த கறுத்த களி. பார்க்கச் சகிக்காது, அந்த ஊர்க்காரர்களே அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாலாடை ஊற்றிச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது.

மாடுகளுக்கும் இதே நாட்கணக்குதான். வருடத்தில் பாதிக்கு மேல் கொட்டிலுக்குள் நிற்கும். பசும்புல்லை அமிலம் தெளித்துக் குழியில் காற்றுப் புகாமல் அழுத்தி வைத்தால் சத்துக் கெடாது என்று கண்டுபிடித்தவர் ஏ. ஐ. விர்த்தனென். அதற்கு 1945-இல் வேதியியலுக்கான நோபல் பரிசே கிடைத்தது. மாட்டுத் தீவனத்துக்கு நோபல்! எங்கள் துறையில் இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. காட்டில் பழுக்கும் லிங்கன்பெர்ரிக்கு அந்த விஞ்ஞானமும் வேண்டியதில்லை. அதிலேயே கெடாமல் காக்கும் பென்சாயிக் அமிலம் இருக்கிறது, நசுக்கி அதன் சாற்றிலேயே ஊறவிட்டால் சர்க்கரை இல்லாமலே குளிர்காலம் தாங்கும்.

இன்றைக்கு ரீஹிகள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில். தானியத்தை இயந்திரம் உலர்த்துகிறது. ஓட்ஸ் நிறைய ஏற்றுமதியாகிறது. சீரகத்துக்குப் பங்காளியான காரவே விதைக்கு அந்த நீண்ட பகலில் மணம் கூடுகிறதாம், அதுவும் வெளிநாடு போகிறது.

இரண்டாவது பயணத்தில், ஆகஸ்ட் கடைசியில், அதே விவசாயியைப் பார்க்கப் போனேன். ஆகஸ்டுக்கு அவர்கள் மொழியில் 'எலோகூ' என்று பெயர். 'எலோ' என்றால் விளைச்சல், உயிர்வாழ்வு என்றும் பொருள். ஒரு வயலில் போன வருடத்து ரையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வயலில் வரும் வருடத்து ரைக்கு மண் தயாராகிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு பெரிய கேள்விப் பட்டியல் இருந்தது. அவர் டிராக்டரை நிறுத்தாமலே மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பனி விழட்டும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, காபி போட்டுத் தருகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இப்போது முடியாது" என்றாராம்.

நன்றி, வணக்கம்.