இங்கிலாந்தில் நள்ளிரவு உணவகத்துக்கு மது லைசென்ஸ்: விண்ணப்பத்தில் எழுதுவதை இரவு பன்னிரண்டரைக்குக் காப்பாற்ற முடியுமா?

[திரை: மூடிய கடைக் கதவில் ஒட்டிய வெளிர் நீல அறிவிப்பு]

வணக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இரவு ஒரு மணி வரை கொத்து ரொட்டியும் பிரியாணியும் பியரும் கொடுக்கிற ஒரு உணவகம் தொடங்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். 2005 நவம்பர் 24 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

மது விற்கவே போவதில்லை என்றாலும் இந்தச் சட்டம் உங்களைத் தொடும். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சூடான உணவோ சூடான பானமோ விற்பதற்குப் பொதுவாக லைசென்ஸ் வேண்டும். பதினொன்றரைக்கு ஒரு பிளேன் டீ விற்றாலும் அதில் அடங்கும். ஆகவே விண்ணப்பத்தில் இரண்டையும் கேளுங்கள்: மது விற்பனை, இரவு நேரச் சூடான உணவு. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும்.

வேண்டியவை இரண்டு லைசென்ஸ்கள். கடைக்கு பிரெமிசஸ் லைசென்ஸ். மது விற்பனையைக் கவனிக்கும் ஒருவருக்கு பெர்சனல் லைசென்ஸ். பெர்சனல் லைசென்ஸுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற தேர்வில் தேறியிருக்க வேண்டும், குற்றப் பதிவுச் சான்று வேண்டும், கட்டணம் 37 பவுண்டு. அப்படி ஒருவரைக் கடையின் பொறுப்பாளராகப் பெயர் குறிப்பிட வேண்டும். இவரைத்தான் எல்லோரும் டி.பி.எஸ் (டெசிக்னேடட் பிரெமிசஸ் சூப்பர்வைசர்) என்கிறார்கள்.

கடைக்கான லைசென்ஸ் கட்டணம், வணிக வரிக்காகக் கட்டடத்துக்கு நிர்ணயித்த மதிப்பைப் பொறுத்தது. 4,301 முதல் 33,000 பவுண்டு வரை மதிப்புள்ள கடைக்கு விண்ணப்பத்துக்கு 190, ஆண்டுதோறும் 180. அடுத்த படியில், 87,000 வரை, 315, பிறகு ஆண்டுக்கு 295. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால், லைசென்ஸ் கொடுக்கும் உள்ளூர் கவுன்சில் அதை நிறுத்தி வைக்கும். இது அடிக்கடி நடக்கிறது, அதுவும் ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் விட்டதால்.

விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்து 28 நாள், வெளியே நின்று படிக்கக்கூடிய இடத்தில் வெளிர் நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். தாள் ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது, எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. முதல் 10 வேலை நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒருமுறை வர வேண்டும். வெள்ளைத் தாளில் ஒட்டினாலோ, மழையில் கிழிந்த தாளை மாற்றாமல் விட்டாலோ, 28 நாளையும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டி வரலாம். தினமும் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

யாரும் எதிர்க்காவிட்டால் கேட்டபடி கொடுத்தாக வேண்டும். காவல் துறையோ, சுற்றுச்சூழல் நலப் பிரிவோ, மாடி வீட்டுக்காரரோ எதிர்த்தால் கவுன்சிலில் விசாரணை. அங்கே நான்கு கேள்விகள்தான் எடுபடும்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கப்படுமா, மக்களுக்குப் பாதுகாப்பு உண்டா, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராதா, சிறுவர்களுக்குத் தீங்கு நேராதா.

இனி முக்கியமான இடம்.

[திரை: விண்ணப்பப் படிவத்தின் செயல்பாட்டுத் திட்டப் பக்கம்]

இந்த நான்குக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று செயல்பாட்டுத் திட்டத்தில் எழுதுகிறீர்கள். அங்கே எழுதியது பெரும்பாலும் அப்படியே லைசென்ஸின் நிபந்தனையாகிவிடும். லைசென்ஸ் கிடைத்தால் போதும் என்று வாரம் முழுக்க வாசலில் காவலாளி நிற்பார் என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு திங்கட்கிழமை இரவு நான்கு மேசைக்கு ஒரு காவலாளி வைக்கக் கட்டுப்படியாகாது. அன்று ஒரு பியர் விற்றாலும் அது நிபந்தனை மீறல், லைசென்ஸ் இல்லாமல் விற்ற அதே குற்றம். வெள்ளி, சனி இரவு 9 மணிக்கு மேல் மட்டும் காவலாளி என்று எழுதுங்கள், அதைத் தவறாமல் செய்யுங்கள்.

கேமரா பதிவை 31 நாள் வைத்திருப்பதாக எழுதினால், கருவியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவுப் பணியில் இருப்பவர்களில் ஒருவருக்காவது பதிவை எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். கடவுச்சொல் முதலாளிக்கு மட்டும் தெரியும், அவர் தூங்குகிறார் என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

உணவகங்களுக்கு வழக்கமாக வரும் நிபந்தனை ஒன்று: மேசையில் அமர்ந்து சாப்பிடுபவருக்கு, சாப்பாட்டோடு மட்டுமே மது. நல்ல நிபந்தனைதான், அக்கம்பக்கத்தார் பயம் பாதி குறையும். ஆனால் கிச்சனைப் பதினொன்றரைக்கு மூடிவிட்டு ஒரு மணி வரை பியர் ஊற்றினால் அங்கே உணவகம் இல்லை, பார்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் வறுத்த கடலையைச் சாப்பாடு என்று சொல்லித் தப்ப முடியாது. மது நிற்கும் நேரம் வரை ஒரு சமையற்காரராவது அடுப்படியில் இருக்கட்டும். அது முடியாவிட்டால் கிச்சனோடு மதுவையும் நிறுத்துங்கள். ஒரு மணிக்குக் கடை மூட வேண்டுமென்றால் கடைசி மது ஆர்டர் பன்னிரண்டரை.

நீங்கள் எழுதாவிட்டாலும் சட்டம் தானே சேர்க்கும் நிபந்தனைகளும் உண்டு. கேட்டால் குடிநீர் இலவசம். சிறிய அளவு எப்போதும் கிடைக்க வேண்டும்: பியர் அரை பைண்ட், வைன் 125 மில்லி, விஸ்கி, ஜின் போன்றவை 25 அல்லது 35 மில்லி. மெனுவிலும் அது தெரிய வேண்டும். ‘இவ்வளவு கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்’ போன்ற, அளவு மீறத் தூண்டும் சலுகைகளுக்குத் தடை.

வயதில் குழம்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. விற்றால் வரம்பில்லாத அபராதம். 16, 17 வயதுப் பிள்ளை பெரியவரோடு அமர்ந்து சாப்பிடும்போது மட்டும் பியர், வைன், சைடர் குடிக்கலாம், வாங்குவது பெரியவராக இருந்தால். விஸ்கிக்கு இந்தச் சலுகை இல்லை. 25 வயதுக்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்பதையே வழக்கமாக்குங்கள். சொந்தக்காரப் பையன், தெரிந்த குடும்பம் என்ற தயக்கத்தில்தான் நம்மவர் கடைகள் தவறுகின்றன.

போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே விற்பதும் குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். மதுவின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள்: 40 சதவீத விஸ்கி 25 மில்லியில் ஒரு யூனிட். உடல் அதைக் கழிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரட்டை அளவாக மூன்று முறை வாங்கியவருக்கு ஆறு யூனிட். ஆகவே மேசைவாரியாக எத்தனை போனது என்பது பில்லிலேயே தெரியும்படி பதியுங்கள். மூன்றாவது சுற்றில் தண்ணீர் ஜாடியைத் தானாகக் கொண்டு வையுங்கள், சாப்பாட்டைச் சீக்கிரம் அனுப்புங்கள். மறுக்க வேண்டி வந்தால் எல்லோர் முன்னாலும் வேண்டாம், “அண்ணா, இன்றைக்கு இதற்கு மேல் தர முடியாது, டாக்சி கூப்பிடவா?” என்று பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்ல வேண்டும். நண்பர் அவருக்காக வாங்கினாலும் கொடுக்கக் கூடாது. நேரம், மேசை, காரணம், பணியாளர் பெயர் ஆகிய நான்கையும் மறுப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக்கணக்காக வெறுமையாகக் கிடக்கும் பதிவேட்டை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். பணியாளர் மறுத்ததை முதலாளி வாடிக்கையாளர் முகத்துக்காக மாற்றிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வெளியே: காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுவதைக் காலை 7 மணிக்குப் பிறகு வையுங்கள். லைசென்ஸ் மறுபரிசீலனைக்குப் போகும் கடைகளில் இந்தச் சத்தமும், புகைக்க வெளியே நிற்பவர்களின் பேச்சும், டெலிவரி பைக்குகளும் திரும்பத் திரும்ப வரும் புகார்கள்.

கடைசியாக, மது விற்பனை திடீரென்று நின்றுபோகும் இரண்டு வழிகள். டி.பி.எஸ் வேலையை விட்டு, லைசென்ஸிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிட்டால், மது விற்பனை நிற்க வேண்டும். புதியவர் பெயருக்கு மாற்ற 23 பவுண்டு. உடனடியாக அமலாகும்படி கேட்டு, அவருடைய ஒப்புதலோடு போட்டால் அன்றே தொடரலாம். இன்னொன்று, லைசென்ஸ் கம்பெனி பெயரில் இருந்து, கணக்குத் தாக்கல் செய்யாததால் கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்தால், லைசென்ஸும் அன்றே காலாவதி. 28 நாளுக்குள் மாற்றல் விண்ணப்பம் போட்டால் அது உயிர்பெறும். 29ஆம் நாள் நீலத் தாளை மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.