கடைத்தொகுதியின் வாசல் எந்தப் பக்கம்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை நகரின் நடுவே நவீனக் கடைத்தொகுதி ஒன்று எழுந்தால் பட்டினம் மறுபடி களைகட்டும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் எத்தனை மாடி, எத்தனை கடை என்று பேசுவதற்கு முன்னால், அதன் வாசல் எந்த வீதியைப் பார்க்கப்போகிறது என்று கேட்கவேண்டும். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகர மையத்தில் 1962 இல் மிட்டவுன் பிளாசா திறக்கப்பட்டது. வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குருயென் அதை வடிவமைத்தார். மக்கள் கூடிப் பேசும் ஐரோப்பியச் சதுக்கத்தைக் கூரைக்குள் கொண்டுவருவது அவருடைய ஆசை. கார்களுக்கு நிலத்தடியில் தரிப்பிடம் அமைத்தார்கள். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். ஆனால் காரை நிலத்தடியில் விட்டு மேலேறிப் பொருள் வாங்கியவர், வெளி வீதியை மிதிக்காமலே வீடு திரும்ப முடிந்தது. மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரிய கடைகளும் அவர்கள் பின்னால் போயின. 2008 இல் அதை மூடி, பிறகு இடித்துவிட்டார்கள்.

பொஸ்டன் நகரம் வேறு வழியில் போனது. 1820களில் கட்டிய குவின்சி சந்தையை இடிக்காமல் புதுப்பித்து, வீதியை நோக்கித் திறந்த கடைகளுடன் 1976 இல் மறுபடி திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அங்கே உள்ளூர்க்காரரைவிடச் சுற்றுலாப் பயணிகளே அதிகம் என்ற குறையும் பின்னர் எழுந்தது. சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளை அருகில் வைத்திருக்கும் நாம் இந்தக் குறையை மறக்கக்கூடாது. நம் நாட்டிலும் கொழும்புக் கோட்டையின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011 இல் உணவகங்களும் கடைகளுமாக மாறியது. பழைய சுவர்களை வைத்துக்கொண்டே புதிய வியாபாரம் செய்யலாம் என்பதற்கு அது போதிய சாட்சி.

இனி நம் பட்டினத்துக்கு வருவோம். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் வெளிக்கடல், நடுவே ஒடுங்கிய நிலத்தில் சந்தையும் பஸ் நிலையமும் கடைவீதிகளும். இவ்வளவையும் கால்நடையாகவே சுற்றிவரக்கூடிய நகரம் இலங்கையில் எத்தனை இருக்கிறது? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, படகுப்பாதைக்குக் காத்திருந்த மக்கள் பஸ் ஏறி நேரே இங்கு வருகிறார்கள். மூதூர், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கத்து மக்களுக்கும் துணியோ மருந்தோ வாங்க இதுதான் பட்டினம். அவர்கள் நடக்கும் பாதையில்தான் கடைத்தொகுதியின் வாசல் இருக்கவேண்டும். பஸ் நிலையத்தில் இறங்கியவர் கட்டடத்துக்குள் புகுந்து, மறுபக்கம் பழைய கடைவீதிக்குள் வெளிப்பட வேண்டும். நாலு பக்கமும் சுவர் எழுப்பி, ஒரே வாசலைத் தரிப்பிடத்துக்குத் திறந்துவைத்தால், பிரதான வீதியில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவரின் வயிற்றில் அடிப்பதாகவே அது முடியும்.

மாடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டாம் மாடியில் மரக்கறியோ பாத்திரமோ விற்கச் சொல்லி வியாபாரிக்குக் கடை கொடுப்பது கொடுமை. கையில் பையோடு யாரும் படியேறமாட்டார்கள். சில மாதங்களில் அந்தக் கடைகள் பூட்டிக்கிடக்கும். சந்தை வியாபாரிக்கு நிலத்தளம் வேண்டும். பல் வைத்தியர், தனியார் வகுப்பு, வங்கி, நூலகம் ஆகியவை மேலே போகட்டும். அவற்றைத் தேடி மக்கள் ஏறுவார்கள். அதற்கும் மேலே குடியிருப்புகள் வந்தால் இன்னும் நல்லது. கடை அடைத்ததும் வெறிச்சோடும் வீதியில் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பெண்கள் பயமின்றி நடப்பார்கள்.

முழுக்கக் கண்ணாடியால் மூடிக் குளிரூட்டும் கட்டடம் நமக்கு வேண்டாம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலைத் தடுக்க அகன்ற விறாந்தையும், மார்கழி மழையில் நனையாமல் நடக்கக் கூரையிட்ட நடைபாதையும், காற்றோட்டமான முற்றமும் போதும். நம் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை, கட்டி முடியும்வரை, இப்போது அந்த இடத்தில் கடை வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் எங்கே போவார்கள் என்பதுதான். தற்காலிக இடம் என்று ஊருக்கு வெளியே அனுப்பினால் வாடிக்கையாளர் கைவிட்டுப்போவார். திரும்பி வரும்போது முற்பணமும் வாடகையும் எட்டாத உயரத்தில் இருக்கும். ஆகவே மாற்று இடம் பஸ் நிலையத்துக்கு அருகிலேயே அமையவேண்டும். புதிய கட்டடத்தில் யாருக்கு எந்தக் கடை, என்ன வாடகை, அது எத்தனை ஆண்டுக்கு மாறாது என்பதை எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதம் கடைசி மீன் வியாபாரியின் கையிலும் கிடைத்த பிறகுதான் பழைய கட்டடத்தில் கைவைக்க வேண்டும்.

நன்றி. வணக்கம்.