பேர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

(பல்லடம் பக்கம் தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எளிய வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் நிலைப்பார்களா மாட்டார்களா என்பதில் பாதியைத்தான் சட்டம் முடிவு செய்கிறது. மீதியை நம்ம மேசை முடிவு செய்கிறது. தலைமையாசிரியர் மேசையைத்தான் சொல்கிறேன்.

ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாக்காரர் ஒருவர், பனியன் கம்பெனியில் வேலை. அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு, பத்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அறைக்குள் காலை வைக்கிறார். நாம் என்ன கேட்கிறோம்? "டி.சி. இருக்குதுங்களா? பிறப்புச் சான்று? ஆதார்?" அவர் போனில் மங்கலாக ஒரு போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டுகிறார். "ஊருக்குப் போய் டி.சி. வாங்கிட்டு வந்துடுங்க" என்கிறோம். மரியாதையாகத்தான் சொல்கிறோம். ஆனால் ரயிலேறி அந்த ஊருக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். போய் வந்தால் ஒரு வாரக் கூலி போச்சு. அவர் திரும்பி வரமாட்டார். அந்தப் பிள்ளை லைன் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வருடம் போனால் டைலர் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போய்விடும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. டி.சி. வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது, இது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, இது 14ஆம் பிரிவு. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், இது 4ஆம் பிரிவு. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள். பொடிசுகளுக்கு நடுவில் அது மட்டும் தலை தெரிய உட்கார்ந்திருக்கும். வெட்கத்திலேயே நின்றுவிடும்.

"தமிழே தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் வைத்து என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். இது நமக்கென்ன புதுசா? கொங்கு நாட்டில் எத்தனை வீட்டுக்குள் இன்றைக்கும் தெலுங்கு, எத்தனை தறிக்காரர் வீட்டில் கன்னடம்! தாளவாடி மலையில் பாதிப் பேச்சு கன்னடம்தான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே, ஒன்றாம் வகுப்பு வாசலில்தான் தமிழை முதலில் கேட்டவர்கள் இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நமக்கு அன்றைக்கு ஒரு வாத்தியார் பொறுத்துக்கொண்டார். அதே பொறுமையை ஒடியா பேசும் பிள்ளைக்கும் கொடுத்தால் போதும். விளையாட்டுத் திடலில் விட்டாலே பாதித் தமிழ் வந்துவிடும். மீதிக்கு, இந்தியோ ஒடியாவோ தெரிந்த மேல் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சேர்த்தால் மட்டும் போதாது. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கம்பெனி மாறுகிறவர்கள் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முன்பணக் கடனில் இருக்கும் தறிக் குடும்பம் ஒரு பட்டறையை விட்டு இன்னொரு பட்டறைக்குப் போகும். மழை வந்தால் செங்கல் சூளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பதிவேட்டில் பேர் அப்படியே இருக்கும், பிள்ளை இருக்காது. மூன்றாம் நாளே ஒரு போன் போட்டால் எங்கே போனார்கள் என்று தெரியும், அந்த ஊர்த் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். முப்பதாம் நாள் போட்டால் நம்பரே உபயோகத்தில் இருக்காது. உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஈராசிரியர் பள்ளியில் நீங்களே வகுப்பும் எடுக்க வேண்டும், எமிஸ் என்கிற இணையப் பதிவேட்டிலும் பதிய வேண்டும், நடுவில் மீட்டிங்குக்கும் ஓட வேண்டும். அதனால்தான் போன் போடும் வேலையையாவது மேலாண்மைக் குழுத் தாய்மாரிடம் கொடுங்கள் என்கிறேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கூட்டத்தைப் பகல் மூன்று மணிக்கு வைத்தால் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மா எப்படி வருவார்? கையெழுத்து மட்டும்தான் வரும்.

அடுத்து மாற்றுத்திறன் பிள்ளைகள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நமக்குக் கண்ணில் படுவது நான்கைந்துதான். சாய்தளம் இல்லாத பள்ளியே இல்லை என்கிறார்கள். சரி, சாய்தளத்தில் ஏறிப் போனால் வகுப்பு வாசலில் ஒரு படி. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடமோ. சக்கர நாற்காலியில் வரும் பையனின் வகுப்பு மாடியில் இருந்தால், வகுப்பைக் கீழே மாற்ற எந்த நிதியும் வேண்டாம், தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். அவருக்குப் பல பள்ளிகள். அவர் வரும் நாளில் அந்தப் பிள்ளைக்கு வராண்டாவில் பாய் விரித்துப் பாடம். மற்ற நாளெல்லாம் கடைசி பெஞ்சு. கேட்டால், "அது ஸ்பெஷல் டீச்சர் பிள்ளைங்க" என்கிறார் வகுப்பாசிரியர். அது உங்கள் வகுப்புப் பிள்ளை, அம்மிணி! சிறப்புப் பயிற்றுநர் வழி காட்ட வருகிறவர், நடத்திக் கூட்டிப் போக வேண்டியவர் நீங்கள். இதை வகுப்பாசிரியரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது தலைமையாசிரியர்தான்.

எழுத்து புரளுகிற பிள்ளைகளையும், அதாவது டிஸ்லெக்சியா என்கிற கற்றல் குறைபாடு உள்ளவர்களையும் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்டால் வாயால் டக்கென்று பதில் சொல்வான், எழுதச் சொன்னால் திணறுவான். "சோம்பேறி" என்று பேர் வைத்து ஏழெட்டு வருடம் ஓட்டிவிடுகிறோம். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பில் குறைபாட்டுச் சான்றிதழுக்கு ஓடி என்ன பயன்? மூன்றாம் வகுப்பிலேயே கவனித்திருந்தால் அவன் இத்தனை வருடம் அடியும் திட்டும் வாங்கியிருக்க மாட்டான்.

சாதியைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் பொய் பேசியவனாவேன். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு சத்துணவு சமையலரை, பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகவே, மாற்றச் சொல்லிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். இடமாற்ற உத்தரவும் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ரத்தானது. அப்படி ஒரு காலையில் கேட்டருகே நிற்கும் தலைமையாசிரியர் செய்ய வேண்டியது, அந்த அம்மா சமைத்த சோற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலில் தான் சாப்பிடுவது. கழிப்பறை கழுவ எந்தத் தெருப் பிள்ளைகள் கூப்பிடப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். எந்தப் பிள்ளையையும் கூப்பிடக் கூடாது, அது வேறு விஷயம்.

மேடையில் அதிகாரிகள் இருப்பதால் அவர்களிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஆய்வுக்கு வந்ததும் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் முதலில் கேட்கிறீர்கள். பலவீனமான பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிட்டால் விழுக்காடு தானாக ஏறும், இது உங்களுக்கும் தெரியும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள், எழுதாதவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் போதும், நாங்களே முன்கூட்டித் தேடி வைப்போம்.

எனக்கு அடுத்துப் பேசப் போகிறவர் ஒரு சிறப்புப் பயிற்றுநர். வகுப்பில் செய்ய வேண்டியதை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன். டீ வந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள்.