அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளைகள்: மொய் நோட்டும் உண்டியலும்

(காட்சி: காருக்குள் ஒரு கை வெயில் தடுப்பைக் கீழே இறக்குகிறது. மூடியைத் தள்ளியதும் சின்னக் கண்ணாடி, பக்கத்தில் விளக்கு எரிகிறது.)

விளக்கு எரியும் இந்தக் கண்ணாடிதான் ஒரு குடும்பத்தைக் கோடீஸ்வரக் குடும்பம் ஆக்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்று ஓர் ஊர். டச்சுக்காரர்கள் குடியேறிய, திருச்சபைக் கட்டுப்பாடு மிகுந்த ஊர். அங்கே கார் உதிரிபாகத் தொழில் நடத்திய எட்கர் பிரின்ஸ் 1995-இல் இறந்தார். மறு ஆண்டே குடும்பத்தினர் அந்தத் தொழிலை 135 கோடி டாலருக்கு விற்றார்கள்.

அந்தக் குடும்பத்தின் பணத்தில் ஒரு பங்கு எட்கர் அண்ட் எல்சா பிரின்ஸ் அறக்கட்டளை வழியாக வெளியே போனது. உள்ளூர் கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொஞ்சம். அப்புறம், கருக்கலைப்பையும் தன்பாலினத் திருமணத்தையும் எதிர்க்கும் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில், ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி போன்ற அமைப்புகளுக்கு. மகள் பெட்ஸி, ஆம்வே நிறுவனத்தின் டிவாஸ் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவர். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் கல்வித் துறைச் செயலாளர். சம்பந்தி வீட்டிலும் இதே மாதிரி அறக்கட்டளைகள் உண்டு.

சரி, இதெல்லாம் வெளியே எப்படித் தெரிகிறது?

(திரையில்: படிவம் 990-பிஎஃப்)

1969-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டது. பணம் போடுகிறவருக்கு வரிக்கழிவு உண்டு. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இன்றைய விதிப்படி, சொத்தில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் நற்பணிகளுக்குச் செலவிட வேண்டும். தேர்தல் வேட்பாளருக்கு ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. ஆனால் ஒரு கொள்கைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தும் அமைப்புக்குத் தாராளமாகத் தரலாம். என்னைக் கேட்டால், இவர்களின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. தேர்தல் வந்து போய்விடும், வழக்கறிஞர் சம்பளம் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் அறக்கட்டளை வரித் துறைக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் படிவம்தான் 990-பிஎஃப். யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்று ஒவ்வொரு நன்கொடையையும் அதில் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. டோனர் அட்வைஸ்ட் ஃபண்ட். ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் நேஷனல் கிறிஸ்டியன் ஃபவுண்டேஷன் போன்ற ஒரு பொது அமைப்பில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து பணம் போடுகிறீர்கள். யாருக்குத் தரலாம் என்று யோசனை சொல்கிறீர்கள். காசோலை அவர்கள் பெயரில் போகும். எந்த அமைப்புக்கு எவ்வளவு போனது என்று அவர்கள் வெளியே காட்டும் கணக்கில் இருக்கும். அது யார் போட்ட பணம் என்பது இருக்காது. அறக்கட்டளை மொய் நோட்டு என்றால் இது உண்டியல். உண்டியலில் போட்டவரே, அதை எடுத்து யாருக்குக் கொடுப்பது என்றும் சொல்லலாம், அவ்வளவுதான் வித்தியாசம்!

வேடிக்கை என்னவென்றால், அறக்கட்டளை தன் 5 சதவீதத்தை இந்த ஃபண்டில் போட்டாலும் கடமை முடிந்தது. ஃபண்டுக்கோ ஆண்டுக்கு இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்ற விதியே கிடையாது. தாராளவாதப் பக்கத்துப் பணக்காரர்களும் இதே சலுகையைப் பயன்படுத்துகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

(காட்சி: அமெரிக்கக் கால்பந்து மைதானம், பெரிய திரையில் கறுப்பு வெள்ளைப் படங்கள்)

2023 சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தின் நடுவே ‘ஹி கெட்ஸ் அஸ்’ என்று இயேசுவைப் பற்றிய விளம்பரங்கள் வந்தன. அதை அப்போது நடத்தியது கான்சாஸில் இருக்கும் சர்வன்ட் ஃபவுண்டேஷன், இதே ஃபண்ட் முறையில் இயங்கும் அமைப்பு. கருக்கலைப்புக்கு எதிராகச் சட்டப் போராட்டம் நடத்தும் அலையன்ஸ் டிஃபென்டிங் ஃப்ரீடம் அமைப்புக்கும் இது கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் தந்தவர்களில் ஹாபி லாபி கடைகளின் நிறுவனர் டேவிட் கிரீனும் ஒருவர். அது தெரிந்தது, அவரே ஒரு பேட்டியில் சொன்னதால். மற்றவர்களில் பலர் பெயர் வெளியே வரவில்லை.

நீங்களே பார்க்க விரும்பினால், புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் தளத்தில் இந்த 990-பிஎஃப் படிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அறக்கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்து, நன்கொடைப் பட்டியல் இருக்கும் பக்கங்களுக்குப் போங்கள். பெரிய தொகைக்கு எதிரே ஒரு பள்ளியோ திருச்சபையோ இருந்தால் பணம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். நேஷனல் கிறிஸ்டியன் ஃபவுண்டேஷன் என்று இருந்தால், அதற்கு மேல் அந்தப் படிவம் எதுவும் சொல்லாது.